கார்பன் எல்லை வரி: ராணிப்பேட்டையில் ஃபிளேஞ்ச் அடிப்பவர் என்ன கணக்கு எழுத வேண்டும்?

ஜெர்மனியிலோ இத்தாலியிலோ இருக்கும் வாடிக்கையாளர் ஆர்டரோடு ஒரு எக்செல் கோப்பையும் சேர்த்து அனுப்புகிறார். "உங்கள் பொருளின் உமிழ்வு விவரத்தை நிரப்பித் தாருங்கள்" என்று கீழே ஒரு வரி. ராணிப்பேட்டை சிப்காட்டிலும் காட்பாடிப் பக்கத்திலும் இரும்பு வேலை செய்கிற பலருக்கு சிபாம் என்ற பெயர் அறிமுகமானது இப்படித்தான். அந்தக் கோப்பு முதலில் அக்கவுண்டன்டிடம் போகும். அவர் அதைக் குவாலிட்டி ஆளிடம் தள்ளுவார். அவர் எனர்ஜி ஆடிட் செய்தவரைக் கேட்கச் சொல்வார். கடைசியில் யாரோ ஒருவர் கையில் கிடைத்த எண்களைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். 2025 வரை அதிலேயே ஒப்பேற்ற முடிந்தது. 2026 ஜனவரி 1 முதல் அந்த எண்களுக்குப் பின்னால் பணம் நிற்கிறது.

சிபாம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லைச் சரிக்கட்டு முறை. நம் ஊரில் சுருக்கமாகக் கார்பன் வரி என்கிறார்கள். இதை நீங்கள் கட்டப்போவதில்லை. சரக்கை ஐரோப்பாவுக்குள் இறக்குபவர்தான் அதற்கான சான்றிதழ்களை வாங்கி ஒப்படைக்க வேண்டும். ஆனால் அவர் எத்தனை சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது உங்கள் பட்டறையிலிருந்து போகும் கணக்கைப் பொறுத்தது. கணக்கு போகாவிட்டால் ஐரோப்பிய ஆணையம் முன்கூட்டியே நிர்ணயித்து வைத்திருக்கும் எண்ணை அவர் எடுத்துக்கொள்வார். அந்த எண் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. செலவு ஏறினால் அவர் உங்களிடம் விலை குறைக்கச் சொல்வார், இல்லையென்றால் வேறு சப்ளையரைத் தேடுவார்.

இப்படி ஒரு வரி எதற்கு? ஐரோப்பிய ஆலைகள் 2005 முதல் தாங்கள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு ஏற்ப அனுமதிச் சீட்டு ஒப்படைக்க வேண்டிய ஒரு சந்தை முறைக்குள் இருக்கின்றன. அங்கே எஃகு உருக்க அந்தச் செலவு உண்டு, வெளிநாட்டில் உருக்கினால் இல்லை என்றால் உற்பத்தி வெளியே போய்விடும், புகை மட்டும் உலகில் அப்படியே இருக்கும். அதைத் தடுக்க இறக்குமதிக்கும் அதே விலை என்கிறார்கள். இது நியாயமா, வளரும் நாடுகள் மீது சுமையா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இதன் அடியில் இருக்கும் கொள்கை மட்டும் வேலூர்க்காரருக்குப் புதிதல்ல. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்பதும், முன்னெச்சரிக்கைக் கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் சொன்னது வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான். அன்று வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விழுந்தது. பாலாற்றுக் கழிவுநீருக்கு அன்று வந்த தர்க்கம் இன்று சூளைப் புகைக்கு வருகிறது. தீர்ப்பு சொல்பவர்கள்தான் வேறு கண்டத்தில் இருக்கிறார்கள்.

உங்களுக்கு இது பொருந்துமா?

தொழிலின் பெயரை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. சுங்கக் குறியீட்டைத்தான் பார்க்க வேண்டும். சிபாம் பட்டியலில் சிமென்ட், இரும்பும் எஃகும், அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் என்று ஆறு வகைகள் இருக்கின்றன. அந்தந்த வகைக்குள் எந்தக் குறியீடு உண்டு, எது இல்லை என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

வட ஆற்காட்டை ஒரு சுற்று சுற்றி வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களின் தோலும் காலணியும் இதில் இல்லை. தோலைப் பற்றி ஐரோப்பாவிலிருந்து கேள்வி வருகிறதென்றால் அது பெரும்பாலும் காடழிப்பு தொடர்பான இன்னொரு சட்டமாக இருக்கும், இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம். அரக்கோணத்தில் செய்யப்படும் டயரும் இல்லை. இந்தியாவில் ரசாயன உர உற்பத்தி தொடங்கியது 1906இல் ராணிப்பேட்டையில், சூப்பர் பாஸ்பேட்டோடு. உரம் சிபாம் பட்டியலில் இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் பட்டியலில் இருப்பவை அம்மோனியா, நைட்ரிக் அமிலம், நைட்ரஜன் உரங்கள், கலப்பு உரங்கள் போன்றவை. சூப்பர் பாஸ்பேட் வரும் 3103 அதில் இல்லை.

இரும்புக்கு வந்தால் கதை வேறு. குழாய் இணைப்புகளும், குழாய்களைப் பொருத்தும் வளையங்களான ஃபிளேஞ்சுகளும் வரும் 7307 உண்டு. ஸ்ட்ரக்சர் வேலை, அதாவது 7308, உண்டு. பி.எச்.இ.எல். ஆலையைச் சுற்றி ஃபேப்ரிகேஷன் கற்றுக்கொண்டு வளர்ந்து, இன்று நேரடியாக ஏற்றுமதி செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போல்ட், நட்டு, ஸ்க்ரூ வரும் 7318 உண்டு. இரும்பைச் சூடாக்கி அடித்துச் செய்யும் ஃபோர்ஜிங் பொருள்கள் பலவும் போய் விழும் 7326 உண்டு. ஆனால் வார்ப்புப் பொருள்களுக்கான 7325 இல்லை. மெஷினிங் எல்லாம் முடித்து வாகன உதிரிபாகமாக 8708இல் போனால் அதுவும் இல்லை. ஒரே ஷெட்டில் ஒரே ஹேமரில் அடித்த இரண்டு துண்டுகளில் ஒன்று வரிக்குள்ளும் மற்றொன்று வெளியிலும் இருக்கும். இதைக் கேள்விப்பட்டதும் குறியீட்டை மாற்றிப் போடலாமா என்று யோசிப்பவர்கள் உண்டு. வேண்டாம். குறியீடு தவறென்றால் மாட்டுவது வாங்குபவர், இழப்பது நீங்கள்.

50 டன் வரம்பைப் பற்றியும் பாதி பேர் தவறாகவே சொல்கிறார்கள். 2025 அக்டோபரில் வந்த திருத்தத்தின்படி ஆண்டுக்கு 50 டன்னுக்குக் கீழ் சிபாம் சரக்கு இறக்கும் ஐரோப்பிய இறக்குமதியாளருக்கு இந்தக் கடமைகள் இல்லை (மின்சாரத்துக்கும் ஹைட்ரஜனுக்கும் இந்தச் சலுகை கிடையாது). இந்த 50 டன் இறக்குமதியாளரின் கணக்கு. நீங்கள் அவருக்கு 12 டன் மட்டும் அனுப்பலாம், ஆனால் அவர் சீனாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் 200 டன் இறக்கினால் உங்கள் 12 டன்னும் கணக்கில் சேரும். "நான் சின்ன ஆள், எனக்கு வராது" என்று நீங்களாக முடிவு செய்ய முடியாது. வாங்குபவரிடம் ஒரு மெயிலில் கேட்டால் தெரிந்துவிடும்.

எதைக் கணக்கில் எடுக்கிறார்கள்?

ஒரு டன் ஃபிளேஞ்ச் உருவாக எத்தனை டன் கரியமில வாயு வெளியாகியிருக்கிறது என்பதுதான் கேள்வி. அதை உள்ளடங்கிய உமிழ்வு என்கிறார்கள். இதில் இரண்டு பங்குகள் உண்டு. உங்கள் சூளையில் எரிந்த எரிபொருள் ஒன்று. நீங்கள் வாங்கிய எஃகு பிறக்கும்போதே சுமந்துவந்தது இன்னொன்று.

முதல் பங்கைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், எரிபொருள் பில்லே போதும். ஃபர்னஸ் ஆயிலில் பெரும்பகுதி கார்பன். எரியும்போது 12 பங்கு கார்பன் 32 பங்கு ஆக்சிஜனோடு சேர்ந்து 44 பங்கு கரியமில வாயு ஆகிறது. அதனால்தான் ஒரு கிலோ எண்ணெய் எரித்தால் மூன்று கிலோவுக்கு மேல் வாயு வருகிறது. ஃபர்னஸ் ஆயிலுக்குக் கிலோவுக்குச் சுமார் 3.1 கிலோ, எல்.பி.ஜி.க்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 3 கிலோ, டீசலுக்கு லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ என்று வைத்துக்கொண்டு தொடக்கக் கணக்கைப் போட்டுவிடலாம். வாங்கிய அளவை அப்படியே எழுதக்கூடாது. ஆண்டுத் தொடக்கத்தில் டேங்கில் இருந்தது, அதோடு வாங்கியது, அதில் ஆண்டு முடிவில் மிஞ்சியதைக் கழித்தால் வருவதுதான் எரிந்தது. ஆண்டு என்றால் ஜனவரி முதல் டிசம்பர் வரை. நம் கணக்குப் புத்தகங்கள் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதால் டிசம்பர் 31 அன்று டேங்கில் டிப் எடுத்து எழுதி வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. அந்த ஒரு எண் இல்லாமல் பின்னால் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

கணக்கில் சேராதவையும் உண்டு. ராணிப்பேட்டையிலிருந்து சென்னைத் துறைமுகம் போகிற லாரியின் டீசல் இதில் வராது. அங்கிருந்து ஹாம்பர்க் போகிற கப்பலும் வராது. ஷெட்டுக்குள் ஓடும் ஃபோர்க்லிஃப்டும் வராது. கரண்ட் போகும்போது ஓடும் ஜெனரேட்டரின் டீசல் மின்சார உற்பத்தியின் கணக்கில் போகும், சூளையின் கணக்கில் சேர்க்கக்கூடாது.

மின்சாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் முதல் 2025 டிசம்பர் வரையிலான ஒத்திகைக் காலத்தில் எல்லாப் பொருளுக்கும் மின்சார உமிழ்வையும் எழுதச் சொன்னார்கள். பணம் கட்டும் கட்டத்தில் சிமென்ட்டுக்கும் உரத்துக்கும் அது தொடர்கிறது, எஃகுக்கும் அலுமினியத்துக்கும் நேரடி உமிழ்வு மட்டும். நம் கிரிட்டில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு உண்டு. ஆயில் ஃபர்னஸை எடுத்துவிட்டு மின்சாரத்தில் சூடேற்றும் இண்டக்ஷன் ஹீட்டர் போட்டால் உங்கள் சூளைப் பங்கு இப்போதைய விதிப்படி ஏறக்குறைய பூஜ்யமாகிவிடும், புகை வட சென்னை அனல்மின் நிலையத்தில் வந்தாலும் சரி. விதி அப்படி இருக்கிறது. அதை மட்டும் நம்பி முதலீடு செய்ய நான் சொல்ல மாட்டேன், விதி மாறலாம். ஸ்கேல் இழப்பும் (சூட்டில் எஃகின் மேல்பரப்பு பொருக்காக உதிர்வது) எண்ணெய்ச் செலவும் குறைகிறதா என்று பார்த்து, அந்தக் கணக்கில் கட்டுப்படியானால் போடுங்கள்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம்

இது கற்பனைக் கணக்கு, எண்கள் புரிவதற்காக. ஒரு பட்டறை ஆண்டுக்கு 100 டன் ஃபிளேஞ்ச் செய்கிறது. அதற்கு 130 டன் எஃகு ரவுண்ட் (உருண்டைக் கம்பி) வாங்குகிறது, மீதி 30 டன் வெட்டுத் துண்டும் அச்சில் பிதுங்கும் ஃபிளாஷும் கடைசலில் சீவும் டர்னிங்குமாக ஸ்கிராப்புக்குப் போகிறது. சூளையில் 10 டன் ஃபர்னஸ் ஆயில் எரிகிறது.

ரவுண்ட் வந்தது நிலக்கரி எரிக்கும் பிளாஸ்ட் ஃபர்னஸ் ஆலையிலிருந்து என்று வைப்போம். டன்னுக்கு 2.4 டன் உமிழ்வு. 130 டன்னுக்கு 312 டன். சூளை எண்ணெய்க்கு 31 டன். மொத்தம் 343. இதை 130ஆல் வகுக்கக்கூடாது, நல்ல பொருளான 100ஆல்தான் வகுக்க வேண்டும். ஸ்கிராப் தன் பங்குச் சுமையை எடுத்துக்கொண்டு போகாது. ஆக ஒரு டன் ஃபிளேஞ்சுக்கு 3.43 டன்.

இப்போது எஃகை மட்டும் மாற்றுவோம். பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கிய ரவுண்ட், டன்னுக்கு 0.5 டன் நேரடி உமிழ்வு. 130 டன்னுக்கு 65. சூளைக்கு அதே 31. மொத்தம் 96, அதாவது டன்னுக்கு 0.96. பட்டறையில் ஒரு போல்ட்டைக்கூடத் திருப்பவில்லை, ஆனால் கணக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது.

நகைக்கடைப் பில்லை நினைத்துக்கொள்ளுங்கள். தங்கத்தின் விலைதான் பெரிய தொகை, அப்புறம் சேதாரம், கடைசியில் செய்கூலி. இங்கே தங்கம் என்பது ரவுண்ட், சேதாரம் என்பது அந்த 30 டன் ஸ்கிராப், செய்கூலி என்பது சூளை எண்ணெய். நம் ஆட்கள் மொத்தக் கவனத்தையும் செய்கூலியில் வைக்கிறார்கள். பர்னரை மாற்றுவது, சூளைக்கு உள்பூச்சு போடுவது எல்லாம் நல்ல வேலைதான். ஆனால் வெட்டும் அளவையும் டையையும் சரிசெய்து 130 டன்னை 120 ஆக்கினால் முதல் கணக்கில் 24 டன் உமிழ்வு குறையும். சூளையின் ஆண்டு மொத்தமே 31 டன்தான் என்பதைப் பாருங்கள்.

2025 திருத்தத்தில் இதோடு தொடர்புள்ள ஒரு சலுகையும் வந்தது. சில எஃகு, அலுமினியப் பொருள்களில் கடைசிக்கட்ட வேலை தனி ஆலையில் நடந்தால் அந்த வேலையின் உமிழ்வைச் சேர்க்க வேண்டாம், உள்ளே வந்த உலோகத்தின் சுமையை மட்டும் காட்டினால் போதும். உங்கள் குறியீடு அதில் வருகிறதா என்று வாங்குபவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். வந்தால் செய்கூலி என்ற பகுதியே நீங்கிவிடும், தங்கமும் சேதாரமும்தான் கணக்கு.

பணமாக எவ்வளவு?

"2026இல் இரண்டரை சதவீதம்தான், கவலை வேண்டாம்" என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. அது பாதிதான் உண்மை. ஐரோப்பிய ஆலைகளுக்கு, ஒரு டன் பொருளுக்கு இவ்வளவு உமிழ்வு என்ற ஒரு அளவுகோல் வரை இலவச அனுமதிச் சீட்டு கிடைத்துவந்தது. அதைப் படிப்படியாக நிறுத்துகிறார்கள். 2026இல் 2.5 சதவீதம் வெட்டு, 2027இல் 5, 2028இல் 10, 2029இல் 22.5, 2030இல் 48.5 என்று ஏறி 2034இல் முழுதும் நின்றுவிடும். இலவசம் நீடிக்கும்வரை இறக்குமதிக்கும் அதே அளவு தள்ளுபடி. அந்தத் தள்ளுபடி உங்கள் உமிழ்வின் சதவீதமாகத் தரப்படுவதில்லை, அளவுகோலின் சதவீதமாகவே தரப்படுகிறது. அளவுகோலுக்கு மேலே நீங்கள் வெளியிட்டதற்கு முதல் ஆண்டிலேயே முழு விலை.

நம் பட்டறைக்கே வருவோம். அளவுகோல் டன்னுக்கு 1.5 என்றும், ஒரு டன் உமிழ்வுக்கான சான்றிதழ் விலை 75 யூரோ என்றும், ஒரு யூரோ நூறு ரூபாய் என்றும், 100 டன்னும் ஐரோப்பாவுக்கே போகிறது என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 2026 தள்ளுபடி 1.5இல் 97.5 சதவீதம், 100 டன்னுக்குச் சுமார் 146 டன். பிளாஸ்ட் ஃபர்னஸ் எஃகு வாங்கியவருக்கு 343இல் அதைக் கழித்தால் 197 டன், ஏறக்குறைய 14,800 யூரோ. ஒரு கிலோ ஃபிளேஞ்சுக்கு 15 ரூபாய். ஸ்கிராப் வழி எஃகு வாங்கியவரின் 96 டன் தள்ளுபடிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, அவருக்கு ஒன்றும் இல்லை. 2034இல் இலவசம் தீர்ந்தபின் முதலாமவருக்குக் கிலோவுக்குச் சுமார் 26 ரூபாய், இரண்டாமவருக்கு 7. ஏற்றுமதி ஃபிளேஞ்சில் கிலோவுக்கு எவ்வளவு நிற்கிறது என்பது தொழில் செய்பவருக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கே தராதவருக்கு வரும் முன்னிர்ணய மதிப்பு நாடுவாரியாக, பொருள்வாரியாக இருக்கிறது. அதன் மேல் ஒரு கூடுதலும் போடுகிறார்கள். எஃகுப் பொருள்களுக்கு 2026இல் 10 சதவீதம், 2027இல் 20, 2028 முதல் 30. இந்திய எஃகின் சராசரி டன்னுக்கு இரண்டரை டன்னை ஒட்டி இருக்கிறது, உலகச் சராசரியைவிட அதிகம். நீங்கள் நல்ல எஃகே வாங்கியிருந்தாலும் காகிதம் இல்லையென்றால் நாட்டின் சராசரி உங்கள் தலையில் விழும், கூடுதலோடு.

ஆலையிடம் எண் வாங்குவது

நடைமுறையில் மிகக் கடினமான இடம் இதுதான். ஆயில் பில் உங்கள் அலமாரியில் இருக்கிறது. ரவுண்டின் உமிழ்வு எண் ஆலையில் இருக்கிறது. பல பட்டறைகள் ஆலையிடம் நேராக வாங்குவதும் இல்லை. சென்னை டீலரிடம் வாங்குகிறார்கள், அவர் யாரிடமோ வாங்குகிறார். இந்த மாதம் ஒரு ஆலை, அடுத்த மாதம் வேறு ஆலை, எந்த லாட் விலை குறைவோ அது.

பிடித்துக்கொள்ள நமக்குக் கிடைத்திருக்கும் கயிறு ஹீட் நம்பர், அதாவது ஒரே தடவையில் உருக்கிய எஃகுக்கு ஆலை போடும் எண். ஐரோப்பிய ஃபிளேஞ்சுக்கு ஏற்கெனவே ஆலையின் சோதனைச் சான்றான மில் டெஸ்ட் சர்டிபிகேட் இல்லாமல் சரக்கு நகராது. அந்தச் சர்டிபிகேட்டில் ஆலையின் பெயரும் ஹீட் நம்பரும் இருக்கும். ஸ்டோரில் ஒவ்வொரு ரவுண்டுக்கும் வண்ணம் அடித்து ஹீட் வாரியாக வைக்கிற பழக்கம் நல்ல பட்டறைகளில் உண்டு. உள்ளே வரும் சரக்குப் பதிவேட்டில் இரண்டு கட்டங்களைக் கூட்டினால் சிபாம் கணக்குக்குப் பாதி வேலை முடிந்தது. ஒன்று, இந்த ஹீட்டை உருக்கிய ஆலையின் பெயரும் ஊரும் (விற்ற கடையின் பெயர் உதவாது). இரண்டு, அந்த ஆலை தந்த டன்னுக்கான உமிழ்வு, எந்த ஆண்டுக்கானது என்ற குறிப்போடு.

ஆலை தருமா? பெரிய ஆலைகள் தருகின்றன, அவையே ஐரோப்பாவுக்கு விற்பதால் அவற்றிடம் கணக்கு இருக்கிறது. சிறிய இண்டக்ஷன் உலைகளிடம் கேட்டால் முதல் பதில் "அதெல்லாம் எங்ககிட்ட இல்ல சார்" என்றுதான் வரும். அவர்களிடம் இருப்பது நல்ல கதையாகக்கூட இருக்கலாம், ஸ்கிராப் உருக்குபவருக்கு எண் குறைவு. ஆனால் அதே இண்டக்ஷன் உலை நிலக்கரியில் செய்த ஸ்பாஞ்ச் அயர்னை (தாதுவை உருக்காமலே எடுத்த இரும்பு) பாதிக்குப் பாதி போடுகிறதென்றால் அந்தச் சுமையும் கூடவே வரும். எனவே "எலக்ட்ரிக் ஃபர்னஸ் எஃகு" என்று கேள்விப்பட்டதும் குறைந்த எண்ணைப் போட்டுவிடாதீர்கள், சார்ஜில் என்னென்ன போகிறது என்று கேளுங்கள். பர்ச்சேஸ் ஆர்டரிலேயே "டெஸ்ட் சர்டிபிகேட்டோடு உமிழ்வு விவரமும் தர வேண்டும்" என்று ஒரு நிபந்தனை போடுவதுதான் எனக்குத் தெரிந்து வேலை செய்கிற வழி. பணம் கொடுத்தபின் கேட்டால் யாரும் போனை எடுப்பதில்லை. நாலைந்து பட்டறைகள் ஒரே டீலரிடம் வாங்குகிறீர்கள் என்றால் சேர்ந்து கேளுங்கள், டீலர் ஆலைக்குப் போன் போடுவார். மத்திய எஃகு அமைச்சகம் 2024 டிசம்பரில் பசுமை எஃகுக்கு ஒரு தரவரிசை வெளியிட்டது. டன்னுக்கு 2.2 டன்னுக்குக் கீழ் இருந்தால் பசுமை, 1.6க்குக் கீழ் ஐந்து நட்சத்திரம். அதன் கணக்கிடும் எல்லை வேறு என்பதால் அந்த எண்ணை அப்படியே சிபாமில் போட முடியாது. ஆனால் எந்த ஆலையிடம் கணக்கெழுதும் பழக்கம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அது உதவும்.

ஐரோப்பாவுக்குப் போன லாட்டுக்கு மட்டும் கணக்குப் போட்டால் போதுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். போதாது. அந்த ஆலையில் அந்த வகைப் பொருளின் ஆண்டு முழு உற்பத்திக்கும் கணக்குப் போட்டு டன்னுக்கு எவ்வளவு என்று காண வேண்டும். அதே சூளையில் பட்டியலில் இல்லாத வாகன உதிரிபாகமும் சூடாகிறது என்றால் எண்ணெயைப் பிரிக்க ஒரு அடிப்படை வேண்டும். சூடேற்றிய டன்னேஜை வைத்துப் பிரிப்பது எளிது. எந்த முறையானாலும் ஆண்டு முழுக்க ஒரே முறை, எழுதி வைத்த முறை. ஹீட் ட்ரீட்மென்ட் அம்பத்தூரில் ஜாப் ஒர்க்காக நடக்கிறதென்றால் அவரிடமும் எரிபொருள் கணக்குக் கேட்க வேண்டியிருக்கும்.

யார் சரிபார்ப்பது, யாரிடம் உதவி கேட்பது?

2026 முதல் உண்மை எண்களைப் பயன்படுத்த வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் பார்த்துச் சான்று தர வேண்டும். முதல் முறை அவர் நேரில் ஆலைக்கு வருவார். பில், வே பிரிட்ஜ் சீட்டு, ஸ்டாக் பதிவேடு, மீட்டரின் கேலிபரேஷன் சான்று எல்லாம் பார்ப்பார். சரிபார்த்தபின் நான்கு ஆண்டு அந்த ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். உங்களுக்குக் கணக்கு எழுதித் தந்த ஆலோசகரே சரிபார்ப்பாளராகவும் இருக்க முடியாது. "ரெண்டையும் நாங்களே முடிச்சுத் தர்றோம்" என்று ஒருவர் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மென்பொருள் வாங்கச் சொல்லியும் நிறைய பேர் வருவார்கள். ஒரு சூளை, இரண்டு எரிபொருள், ஐந்தாறு எஃகு சப்ளையர் உள்ள பட்டறைக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. ஐரோப்பிய ஆணையம் எக்செல் படிவத்தையும் வழிகாட்டியையும் இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. பாகாயத்தில் உள்ள அரசுப் பொறியியல் கல்லூரியிலோ வி.ஐ.டி.யிலோ படிக்கும் ஒரு மெக்கானிக்கல் மாணவரை இன்டர்ன்ஷிப்பில் எடுத்து, ஸ்டோர் கீப்பரோடு உட்கார வைத்தால் முதல் வரைவு வந்துவிடும். ஸ்டோர் கீப்பர் இல்லாமல் மாணவரை மட்டும் உட்கார வைத்தால் அழகான, தவறான வரைவு வரும்.

எண்ணெய் எவ்வளவு, எஃகு யாரிடம், யீல்டு (வாங்கிய எஃகில் எவ்வளவு நல்ல பொருளாகிறது) என்ன என்பதையெல்லாம் வாங்குபவருக்குக் காட்டினால் அடுத்த முறை விலை பேசும்போது அதை வைத்தே அமுக்குவாரே என்ற பயம் முதலாளிகளுக்கு உண்டு, நியாயமானதும்கூட. படிவத்தின் கடைசியில் சுருக்கப் பக்கம் இருக்கிறது, பல சமயம் அது மட்டும் போதும். உற்பத்தியாளர்கள் சிபாம் பதிவகத்தில் தாங்களே பதிவு செய்து விவரங்களை நேரடியாக ஏற்றும் வசதியும் உண்டு. ஐந்து வாடிக்கையாளர் இருந்தால் ஐந்து முறை மெயில் அனுப்பும் வேலையும் மிச்சம்.

கழித்துக்கொள்ள எதாவது உண்டா? உற்பத்தி நாட்டில் உண்மையிலேயே கட்டிய கார்பன் விலையைக் கழித்துக்கொள்ளலாம். இந்தியாவில் 2023இல் அறிவிக்கப்பட்ட கார்பன் கிரெடிட் வணிகத் திட்டம் பெரிய ஆலைகளை நோக்கியது. உங்கள் எஃகு ஆலை அதில் பணம் கட்டியிருந்தால் அதற்கான சான்று உங்களுக்குப் பயன்படலாம். ஏலகிரி அடிவாரத்தில் மரம் நட்டதோ, சந்தையில் வாங்கிய கார்பன் கிரெடிட்டோ, சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 14001 சான்றிதழோ இந்தக் கணக்கில் ஒரு கிலோவைக்கூடக் குறைக்காது. மரம் நடுங்கள், இதற்காக நடாதீர்கள்.

தேதிகள்: 2026இல் இறங்கிய சரக்குக்கான சான்றிதழ் விற்பனை 2027 பிப்ரவரியில் தொடங்குகிறது. இறக்குமதியாளர் முதல் ஆண்டு அறிக்கையைத் தர வேண்டிய கடைசி நாள் 2027 செப்டம்பர் 30. அவர் அதற்கு முன் சரிபார்த்த எண்களைக் கேட்பார், சரிபார்ப்பாளர்களிடம் அப்போது கூட்டம் அலைமோதும். பிரிட்டனுக்கு அனுப்புகிறவர்களுக்கு 2027 ஜனவரி 1 முதல் அந்த நாட்டின் தனி கார்பன் எல்லை வரி வருகிறது, எஃகும் அலுமினியமும் அதிலும் உண்டு. எஃகும் அலுமினியமும் அதிகம் கொண்ட சுமார் 180 பொருள்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2025 டிசம்பரில் முன்மொழிந்திருக்கிறது. அது நிறைவேறினால், இன்று பட்டியலுக்கு வெளியே இருப்பதால் நிம்மதியாக இருக்கிற மெஷினிங் கடைக்காரர்களில் சிலரும் ஹீட் நம்பர் பதிவேட்டைத் தேட வேண்டியிருக்கும்.